பல்கலைக்கழகத்தைக் கட்டியவர்களின் கல்லூரி

1856 ஏப்ரல் 21 அன்று மெல்பர்ன் பல்கலைக்கழகக் கட்டட வேலையில் இருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு, நாடாளுமன்றக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். எட்டு மணி நேர வேலைநாள் வேண்டும் என்பது கோரிக்கை. முந்தைய ஆண்டே சிட்னியில் கல்தச்சர்கள் அதைப் பெறத் தொடங்கியிருந்தார்கள். மெல்பர்னில் கூலி குறையாமலே அது கைகூடியது. தொழிற்சங்க வரலாற்றின் பெருமிதமாக இந்த நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம். உயர்கல்வியின் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு என்று நான் நினைக்கிறேன். அவர்கள் எழுப்பிய பல்கலைக்கழகம் முந்தைய ஆண்டு 16 மாணவர்களுடன் திறந்திருந்தது. சிட்னிப் பல்கலைக்கழகம் 1852இல் 24 பேருடன் பாடம் தொடங்கியது. இலத்தீனும் கிரேக்கமும் கணிதமும் படிக்க வசதி இருந்த குடும்பங்களுக்கான இடங்கள் அவை. அந்த வாசல் உழைப்பவர்களுக்கு எப்படித் திறந்தது என்று கேட்டால், செல்வரின் கொடை, அரசின் சட்டம் என்று இரண்டு விடைகள் கிடைக்கும். இரண்டும் பாதி உண்மைதான். ஊர் வணிகர்களும் தொழிற்சங்கங்களும் ஒரே ஆட்சிக்குழுவில் சமமாக உட்கார நேர்ந்தபோதுதான் வாசல் திறந்தது. கனவான்கள் மட்டும் நடத்தியபோது, திறந்த வாசலும் மெல்லச் சாத்திக்கொண்டது.

முதல் முயற்சி சிட்னியில் நடந்தது. 1831இல் ஜான் டன்மோர் லாங் என்ற பாதிரியார் தம் கல்லூரியைக் கட்டுவதற்காக ஸ்காட்லாந்துக் கைவினைஞர்களை ‘ஸ்டர்லிங் காசில்’ கப்பலில் அழைத்து வந்தார். உடன் வந்த ஹென்றி கார்மைக்கேல் கடற்பயணத்திலேயே அவர்களுக்கு வகுப்பு எடுத்தார். அந்த வகுப்பின் தொடர்ச்சியாக 1833இல் சிட்னி மெக்கானிக்ஸ் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ் பிறந்தது; ஆளுநர் பர்க் அதற்குப் புரவலரானார். 1839இல் மெல்பர்னிலும் ஒரு மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் எழுந்தது. குடியேற்றம் தொடங்கி நான்கைந்து ஆண்டுகளே ஆன ஊரில் நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் கேட்டது மெச்சத்தக்கது. ஆனால் அதன் முதல் தலைவர் வில்லியம் லான்ஸ்டேல், ஊரின் காவல்துறை நீதிபதி. வணிகர்களும் வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் சந்தித்துப் பழகும் இடமாக அது வளர்ந்தது. இன்று வர்த்தகச் சங்கங்கள் நடத்தும் காலை உணவுக் கூட்டங்களின் மூதாதை என்றே அதைச் சொல்லலாம். சந்தா கட்ட முடியாத, மாலை ஆறு மணிக்கு மேலும் வேலையில் நின்ற கைவினைஞருக்கு அங்கே இடம் சுருங்கிக்கொண்டே போனது. 1873இல் அது மெல்பர்ன் அத்தீனியம் என்று பெயர் மாறியபோது கைவினைஞரைக் குறித்த ‘மெக்கானிக்’ என்ற சொல்கூட மிஞ்சவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. பயன்பெற வேண்டியவருக்கு நடத்தும் பொறுப்பில் பங்கில்லாதபோது நிறுவனம் நடத்துபவரின் வசதிக்கே சாய்ந்துவிடும். அதற்குச் சதி எதுவும் தேவைப்படாது.

எட்டு மணி நேர வேலை கையில் கொடுத்தது மாலைப்பொழுதை. அதை என்ன செய்வது என்ற யோசனை சங்கங்களுக்கு அப்போதே இருந்தது. 1859இல் மெல்பர்னில் அவர்கள் கட்டிய மரக்கட்டடத்துக்கு ட்ரேட்ஸ் ஹால் அண்ட் லிட்டரரி இன்ஸ்டிடியூட் என்றுதான் பெயர் வைத்தார்கள். கூலிப் பேச்சும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பியது அந்தப் பெயரிலேயே தெரிகிறது. ஆனால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்து, கருவிகள் வாங்கிப் போடும் அளவுக்கு அவர்களிடம் பணம் இல்லை.

பணம் பிரான்சிஸ் ஆர்மண்டிடம் இருந்தது. அபர்டீனில் பிறந்து, விக்டோரியாவின் மேய்ச்சல் நிலங்களில் பெரும்பொருள் ஈட்டியவர். பல்கலைக்கழகத்தை ஒட்டி எழுந்த ஆர்மண்ட் கல்லூரிக்கும் அவர் வாரி வழங்கினார். அது 1881இல் திறந்தது. அந்தக் கொடை ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்குத்தான் பெரிதும் உதவியது. உழைப்பாளர் கல்லூரிக்காக 1880களின் தொடக்கத்தில் அவர் அறிவித்த 5,000 பவுண்டு வேறு வகை. அதே அளவு தொகையைப் பொதுமக்களும் திரட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். செல்வந்தர்கள் பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை. ட்ரேட்ஸ் ஹால் கவுன்சில்தான் தன் சங்கங்களைத் திரட்டி உண்டியல் குலுக்கியது. விளைவாக, கல்லூரியின் ஆட்சிக்குழுவில் பண்ணை முதலாளியோடும் பல்கலைக்கழகத்தாரோடும் சங்கப் பிரதிநிதிகளும் உட்கார்ந்தார்கள். அரசு நிலம் கொடுத்தது, பழைய சிறைச்சாலைக்குப் பக்கத்தில். 1887 ஜூன் 4 அன்று வொர்க்கிங் மென்ஸ் காலேஜ் திறந்த இரவிலேயே 320 பேர் சேர்ந்தார்கள். வகுப்புகள் வேலை முடிந்து வருபவர்களுக்காக மாலையில் வைக்கப்பட்டன. அந்த நிபந்தனை இல்லாமல் ஆர்மண்ட் முழுப் பணத்தையும் தாமே கொடுத்திருந்தால், இன்னொரு அத்தீனியம்தான் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. விருதுநகரில் நாடார் வணிகர்கள் கடைக்குக் கடை மகமை வசூலித்தார்கள், வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்தார்கள். அப்படி வளர்ந்த சத்திரிய வித்தியாசாலை, மெல்பர்ன் கல்லூரி திறந்த அதே 1880களில் உருவானது. காமராஜர் பின்னர் அங்கே படித்தார். 1947இல் செந்திகுமார நாடார் கல்லூரியும் அந்த ஊரில் எழுந்தது. பிடியரிசி கொடுத்த வீட்டுக்கும் பள்ளிக்கூடம் தன்னுடையது என்ற உரிமை இருந்தது. சந்தைத் தொடர்பு கல்விக்கூடமாக மாறியது அந்த உரிமையால்தான்.

இதை உயர்கல்வி என்று சொல்லலாமா, தச்சும் குழாய் வேலையும்தானே என்று ஒரு மறுப்பு எழலாம். அன்றைக்கு அப்படிக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் நிறுவனங்கள் போன வழியைப் பார்க்க வேண்டும். மெல்பர்ன் கல்லூரி 1934இல் தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1992இல் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகமானது. சிட்னி ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ் 1878இல் தொடங்கிய உழைப்பாளர் கல்லூரியை 1883இல் அரசு ஏற்றது. அது சிட்னி தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்து, 1949இல் அமைந்த நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்கு நாற்றங்காலாக இருந்தது. தொழில் மட்டுமே அவர்கள் கேட்டார்கள் என்பதும் சரியல்ல. 1913இல் சிட்னியில் வொர்க்கர்ஸ் எஜுகேஷனல் அசோசியேஷனைத் தொடங்கி, பொருளாதாரமும் வரலாறும் இலக்கியமும் கற்பிக்கும்படி பல்கலைக்கழகத்தை வற்புறுத்தியவர்களில் முன்னால் நின்ற டேவிட் ஸ்டூவர்ட் ஒரு தச்சர். அடுத்த ஆண்டே பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களை அந்த வகுப்புகளுக்கு அனுப்பத் தொடங்கியது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. எல்லாம் சரி, 1974இல் ஆஸ்திரேலியாவின் விட்லம் அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தையே நீக்கியதல்லவா, அதற்கு முன் இந்த உண்டியல் பணம் எம்மாத்திரம்? அளவில் அரசுக்கு ஈடு இல்லை, மறுக்க மாட்டேன். 1989இல் கட்டணம் கடன் வடிவில் திரும்பிய பிறகும், கையில் காசில்லாதவர் உள்ளே நுழைய முடிவது அரசு ஏற்பாட்டால்தான். ஆனாலும் கட்டணம் இல்லாத அந்தப் பதினைந்து ஆண்டுகளில் மாணவர்களின் வர்க்கச் சேர்மானம் எதிர்பார்த்த அளவு மாறவில்லை. 2008இல் உயர்கல்வியை ஆராய்ந்த பிராட்லி குழு, வசதி குறைந்த குடும்பத்து மாணவர் பங்கு 2020க்குள் 20 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று இலக்கு வைக்க வேண்டியிருந்ததே அதற்குச் சாட்சி. எந்தப் படிப்பு எதற்கு, யாரைக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்கும் அறிமுகவலை பணத்தைப் போலவே சமமின்றிப் பங்கிடப்பட்டிருக்கிறது. சங்கக் கிளை மாலை வகுப்புக்கு ஆள் சேர்த்தபோது அந்த வலையைத்தான் விரித்தது.

எனக்கே உறுத்தும் மறுப்பு ஒன்று உண்டு. கல்லூரிக்காக உண்டியல் குலுக்கிய அதே சங்க இயக்கம், நடந்து போகும் தூரத்தில் லிட்டில் பர்க் தெருவில் மேசை நாற்காலி செய்த சீனத் தச்சர்களுக்கு எதிராகக் கடுமையாகப் போராடியது. 1896இன் விக்டோரியத் தொழிற்சாலைச் சட்டம் சீனர் செய்த மரச்சாமானில் முத்திரை குத்த வைத்தது. பழங்குடி மக்களை இந்த ஏற்பாடுகளில் யாரும் நினைத்ததாகவே தெரியவில்லை. இதனால் என் வாதம் உடைவதில்லை. அதன் கசப்பான பக்கம்தான் வெளிப்படுகிறது. ஆட்சிக்குழுவில் உட்கார்ந்தவர்கள் தங்கள் ஆட்களுக்கு வாசலைத் திறந்தார்கள். அங்கே இடமே இல்லாதவர்கள் வெளியே நின்றார்கள். கல்தச்சர்கள் எழுப்பிய அந்த மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் முதல் பழங்குடிப் பட்டதாரியாக மார்கரெட் வியர் வெளியே வந்தது 1959இல். சிட்னியில் சார்லஸ் பெர்க்கின்ஸ் பட்டம் பெற 1966 வரை ஆனது.