வாய்ப்புண்ணும் உதட்டுக் கொப்புளமும்

வாயின் உட்புறச் சவ்வில் தோன்றும் வெண்மஞ்சள் புண்ணையும் உதட்டோரத்தில் கொத்தாக எழும் நீர்க்கொப்புளத்தையும் பேச்சுவழக்கில் ‘வாய்ப்புண்’ என்றே சொல்கிறார்கள். மருத்துவத்தில் இவை இரு வேறு நோய்கள். உட்புறப் புண் (ஆஃப்தஸ் புண்) ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. உதட்டுக் கொப்புளம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் வருவது, தொற்றும். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் உள்ள கிருமாம்பாக்கம் வட்டாரத்தில் வயல்வேலை, கடல்தொழில், வெற்றிலை பாக்குப் பழக்கம், இரத்தசோகை ஆகியவை இவ்விரு நோய்களோடும், இவற்றைப் போலத் தோன்றும் வேறு புண்களோடும் தொடர்புடையவை.

உட்புறப் புண்

கன்னத்தின் உட்புறம், உதட்டின் உள்பக்கம், நாக்கின் ஓரமும் அடிப்பகுதியும், அடிவாய் ஆகிய மென்மையான சவ்வுகளில் இது வரும். ஓரிரு நாள் எரிச்சலுக்குப் பின் வட்டமாகவோ முட்டை வடிவிலோ புண் விழும். நடுவில் வெண்மஞ்சள் படலமும் சுற்றிலும் சிவந்த வளையமும் இருக்கும். புளிக்குழம்போ மிளகாய்க் காரமோ பட்டால் கண்ணில் நீர் வரும் அளவுக்கு எரியும்.

இது மூன்று வகைப்படும். சிறு வகைப் புண் 10 மில்லிமீட்டருக்குள் இருந்து, 7 முதல் 14 நாளில் தழும்பில்லாமல் ஆறும். பெரும்பாலானோருக்கு வருவது இதுவே. பெருவகைப் புண் 10 மில்லிமீட்டரைத் தாண்டி, பல வாரம் நீடித்து, தழும்பு விட்டு ஆறும். மூன்றாவது வகையில் 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவுள்ள புண்கள் பல ஒரே சமயத்தில் கொத்தாக வரும். பெயர் ஒத்திருந்தாலும் இந்த ‘ஹெர்பிஸ் போன்ற’ வகைக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கும் தொடர்பில்லை.

புண் ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. உடலின் தற்காப்பு அணுக்கள் தன் சவ்வையே தாக்குவதால் வருவதாகக் கருதப்படுகிறது. அதைத் தூண்டுபவை பல: கன்னத்தைக் கடித்துக்கொள்ளுதல், கூர்மையான பல் விளிம்பு, சரியாகப் பொருந்தாத பல்செட், மனஅழுத்தம், தூக்கமின்மை, மாதவிலக்கு, பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட். புகைப்பதை நிறுத்திய சில நாளில் புண் வருவதும் உண்டு. இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 குறைவு முக்கியமான காரணம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. அதனால் அடிக்கடி வாய்ப்புண் வரும் பெண்களுக்கு இரத்தப் பரிசோதனை அவசியம். ‘உடம்புச் சூடு’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் பின்னால் பெரும்பாலும் இக்காரணங்களில் ஒன்று இருக்கும்.

உதட்டுக் கொப்புளம்

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 50 வயதுக்குட்பட்டோரில் சுமார் 380 கோடிப் பேர், அதாவது 64 விழுக்காட்டினர், முதல் வகை ஹெர்பிஸ் வைரஸைச் சுமக்கிறார்கள். பலருக்கு அது தெரிவதே இல்லை. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் முத்தம், எச்சில் வழியாக நுழையும் வைரஸ், முகத்தின் நரம்பு முடிச்சில் வாழ்நாள் முழுதும் உறங்கிக் கிடக்கும். காய்ச்சல், சளி, அசதி, மாதவிலக்கு, கடுவெயில் ஆகியவை அதை எழுப்பும். பாகூர் நெல்வயல்களில் நடவு செய்வோருக்கும் பன்னித்திட்டு, நரம்பைக் கரையிலிருந்து கடலுக்குப் போவோருக்கும் உதட்டில் படும் வெயில் அத்தகைய தூண்டுதலாகும்.

முதலில் உதட்டில் குறுகுறுப்பும் எரிச்சலும் தெரியும். ஒரு நாளுக்குள் சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும். அவை உடைந்து நீர் கசியும். பின் பொருக்குக் கட்டும். 7 முதல் 10 நாளில் பொருக்கு விழுந்து ஆறிவிடும். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு முதல் தொற்று ஈறு வீக்கம், காய்ச்சல், வாய் முழுதும் புண் என்று வரக்கூடும். குழந்தை பால் குடிக்க மறுத்தால் நீரிழப்பு ஏற்படும். உதட்டுக் கொப்புளத்தை அக்கியோடு சேர்த்து நினைப்பதும் தவறு. அக்கி சின்னம்மை வைரஸால் வருவது. காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கத்தால் எந்த வைரஸும் அடங்காது.

சிகிச்சை

உட்புறப் புண்ணுக்கு வலி குறைப்பதும் விரைவில் ஆறச்செய்வதும் நோக்கம். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்தல், 0.2 விழுக்காடு குளோரெக்சிடின் நீர், உணவுக்கு முன் தடவும் மரப்பு ஜெல் ஆகியவை போதும். வலி மிகுந்தால் 0.1 விழுக்காடு டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு களிம்பை, புண்ணை உலர ஒற்றிவிட்டு மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். இரவில் படுக்குமுன் போடுவது சிறந்தது. இரத்தத்தில் சத்துக்குறைவு தெரிந்தால் அந்தச் சத்துக்கான மாத்திரை தரப்படும். வீட்டு வைத்தியத்தில் மணத்தக்காளிக் கீரை, மாசிக்காய், நெய் ஆகியவை பயன்படுகின்றன. மாசிக்காயின் துவர்ப்பு அதிலுள்ள டானினால் வருவது. இவற்றுக்கு உறுதியான ஆய்வுச் சான்று குறைவு. மணத்தக்காளிக் கூட்டு உணவாகச் சேர்வதில் கேடில்லை. வலிக்காக மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைப்பதும் சுண்ணாம்பு தடவுவதும் சவ்வை வெந்துபோகச் செய்யும்.

உதட்டுக் கொப்புளத்துக்கு வைரஸ் மருந்தே பயன் தரும். அசைக்ளோவிர் 5 விழுக்காடு கிரீமைக் குறுகுறுப்பு தெரிந்தவுடன் நாளுக்கு 5 முறை தடவலாம்; கொப்புளம் உடைந்த பிறகு பலன் குறைவு. அடிக்கடி வந்தாலோ கடுமையாக இருந்தாலோ மருத்துவர் மாத்திரை தருவார். கொப்புளத்தின் மீது ஸ்டீராய்டு களிம்பு மட்டும் தடவினால் வைரஸ் பெருகும். புண் ஆறும்வரை டம்ளர், துண்டு, உதட்டுச் சாயம் ஆகியவற்றைப் பகிரக் கூடாது. புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. பச்சிளங்குழந்தையை முத்தமிடுவதை அறவே தவிர்க்க வேண்டும். அதற்கு இத்தொற்று உயிராபத்தானது.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பிலும் புண், கண் சிவப்பு என்றால் பெசெட் நோயையும், தொடர்வயிற்றுப்போக்கு என்றால் குடல்நோயையும் மருத்துவர் தேடுவார். மெத்தோட்ரெக்சேட், நிகோராண்டில் போன்ற மருந்துகளாலும் எச்.ஐ.வி. தொற்றாலும் புண் வரலாம். குழந்தைக்கு வாயோடு கை, காலிலும் கொப்புளம் வந்தால் அது வேறொரு வைரஸ் நோய்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணைச் சாதாரண வாய்ப்புண்ணாகக் கருதக் கூடாது. புண்ணின் விளிம்பு கெட்டியாகவும் தடித்தும் இருந்தால், வலி இல்லாவிட்டாலும், திசுப் பரிசோதனை தேவை. பாக்கு, புகையிலை போடுவோருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது. கிருமாம்பாக்கத்தை ஒட்டிய பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவ அறிவியல் நிறுவனமும், புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரும் அரசு மகாத்மா காந்தி முதுநிலைப் பல் மருத்துவ அறிவியல் நிறுவனமும் உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தேவைப்பட்டால் இவற்றுக்குப் பரிந்துரை பெறலாம்.