சுயாதீன வீடியோ விளையாட்டு: உற்பத்தியும் விநியோகமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அச்சியந்திரத்தையும் நூல் வணிகத்தையும் கருத்திற் கொள்ளாது நாவலின் தோற்றத்தை விளக்க முயல்வோர் பாதி வழியிலேயே நின்றுவிடுவர். வீடியோ விளையாட்டின் வரலாற்றுக்கும் இது பொருந்தும். கதை, ஓவியம், இசை என்பவற்றை விளையாடுவோனின் செயலோடு பிணைக்கும் இக்கலை வடிவம், அரை நூற்றாண்டுக் காலத்துள் உலகின் பெரும் பண்பாட்டுத் தொழில்களுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. பெருங் கம்பனிகளின் முதலீட்டை நாடாது தனியொருவரோ சிறு குழுவினரோ ஆக்கும் விளையாட்டுகள் ‘சுயாதீன விளையாட்டுகள்’ என அழைக்கப்படுகின்றன. சுயாதீனம் என்னும் இச்சொல் கவர்ச்சி மிக்கது; ஆயின் எவரிடமிருந்து, எந்த அளவிற்கு என்ற வினாக்களை அது மறைத்து விடுகின்றது. ஆக்கக் கருவிகள் மலிவடைந்தமையால் ஆக்குவோர் விடுதலை பெற்றனரா என்பதையும், விளையாடுவோரைச் சென்றடையும் வழிகள் காலந்தோறும் எவர் கையில் இருந்தன என்பதையும் நாம் ஈண்டு நோக்குவோம்.

உற்பத்தியாளன் என்ற நிலையில் எழுத்தாளனை ஆராய்ந்த தமது 1934ஆம் ஆண்டுக் கட்டுரையில் வால்ட்டர் பென்யமின் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கூறுகின்றது என்று கேட்பதற்கு முன்னர், அவ்வுறவுகளுக்குள் அது எவ்விடத்தில் நிற்கின்றது எனக் கேட்க வேண்டும் என்பதே அது. எமது ஆய்வுக்கும் அதுவே தொடக்கப் புள்ளியாகும்.

1962ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசலும் அவர்தம் நண்பர்களும் உருவாக்கிய ‘ஸ்பேஸ்வார்’ விலைக்கு விற்கப்படவில்லை. அது இயங்கிய கணினி ஒரு தனிமனிதர் வாங்கக்கூடிய பொருளாக இருக்கவில்லை; விளையாட்டு ஓர் ஆய்வுகூடத்திலிருந்து மற்றோர் ஆய்வுகூடத்துக்கு இலவசமாகவே சென்றது. 1972இல் நிறுவப்பட்ட அற்றாரி நிறுவனமே விளையாட்டைப் பண்டமாக வெற்றிகரமாக மாற்றியது. பண்டமான விளையாட்டில் ஆக்கியோனின் பெயருக்கு இடமிருக்கவில்லை. விளையாட்டுகளை எழுதியோர் சம்பளம் பெறும் பெயரற்ற ஊழியராகவே நடத்தப்பட்டனர். இந்நிலையிலேயே வாரன் ரொபினெற் என்பவர், 1980இல் வெளிவந்த ‘அட்வெஞ்சர்’ என்ற தமது விளையாட்டினுள் இரகசிய அறையொன்றை அமைத்து, அதிலே தம் பெயரைப் பொறித்து வைத்தார். உழைப்பின் விளைபொருளிலிருந்து உழைப்பாளி அந்நியமாதல் என்ற கோட்பாட்டுக்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது.

1979இல் அற்றாரியின் நிகழ்நிரலர் நால்வர் வெளியேறி அக்டிவிசன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஆக்கியோனின் பெயரைத் தாங்கி விளையாட்டுகளை வெளியிடுவது அதன் கொள்கையாயிற்று. இதனைச் சுயாதீன இயக்கத்தின் முதற் கலகம் எனலாம். அக்கலகத்தின் முடிவும் படிப்பினைக்குரியது. பல கைமாறல்களுக்கும் இணைப்புகளுக்கும் பின்னர், அக்டிவிசன் பிளிசார்ட் என்ற பெருநிறுவனமாகி, 2023 ஒக்டோபரில் ஏறத்தாழ 6,900 கோடி டொலருக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் உடைமையாயிற்று.

இதற்கிடையில் வீட்டுக் கணினியின் வருகை உற்பத்திச் சாதனத்தை நடுத்தர வர்க்கத்து இளைஞர் கைக்குக் கொண்டு சென்றது. ஐக்கிய அமெரிக்காவில் ரொபேட்டா வில்லியம்சும் கென் வில்லியம்சும் 1980இல் ‘மிஸ்றி ஹவுஸ்’ விளையாட்டைப் பிளாத்திக்குப் பைகளில் இட்டு விற்றனர். பிரித்தானியாவில் 1982இல் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் கணினிக்கெனப் பள்ளி மாணவரும் விளையாட்டுகளை எழுதினர். ஒலிநாடாவிற் பதிந்து, சஞ்சிகைகளில் விளம்பரம் செய்து, தபால் மூலம் அனுப்பினர். கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் ஆக்கிய ‘எலீற்’, வழக்கமான புள்ளி முறைக்கு ஒத்துவரவில்லை என ஒரு வெளியீட்டாளரால் மறுக்கப்பட்டு, 1984இல் வேறொருவரால் வெளியிடப்பட்டுப் பெரும் புகழ் பெற்றது. புதுமையை இனங்காணும் ஆற்றல் சந்தைக்கு இயல்பாகவே உண்டு என்போர் இச்சம்பவத்தை மனங்கொள்ளல் வேண்டும்.

எனினும் இக்குடிசைக் கைத்தொழில் நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1983இல் வட அமெரிக்கச் சந்தை சரிந்தது. 1985இல் அங்கு நுழைந்த யப்பானிய நிறுவனமான நின்டெண்டோ, தன் அனுமதியின்றி எவ்விளையாட்டும் இயங்காதவாறு கருவியினுள் ஒரு பூட்டுச் சில்லினைப் பொருத்தியது. அனுமதி பெற்ற வெளியீட்டாளரும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளையே வெளியிடலாம் என வரையறுக்கப்பட்டது. விளையாட்டுப் பேழைகளின் உற்பத்தியையும் அது தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. விநியோக வழியின் உடைமையாளன் உற்பத்தியையும் ஆளக்கூடும் என்பது இங்குத்தான் தெளிவாகப் புலப்பட்டது.

கணினி உலகில் வேறொரு வழி திறந்திருந்தது. ஒரு பகுதியை எவரும் இலவசமாகப் படியெடுத்துப் பரப்பலாம், எஞ்சியதைப் பணம் அனுப்பிப் பெறலாம் என்பது அதன் முறை. 1993 டிசம்பர் 10ஆந் திகதி வெளியான ‘டூம்’ விளையாட்டின் முதற்பகுதி விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் கணினியிலேயே முதலில் ஏற்றப்பட்டது. மூன்று பகுதிகளுள் ஒன்று முற்றிலும் இலவசம். டெக்சாசைச் சேர்ந்த ஒரு சிறு குழுவின் தொழிற்றிறனே அவ்வெற்றிக்குக் காரணம் எனக் கூறுவது வழக்கம். பொதுப் பணத்தில் வளர்ந்த பல்கலைக்கழக வலையமைப்பும், கைக்குக் கை வட்டுகளைப் பகிர்ந்த எண்ணற்றோரின் கூலியற்ற உழைப்பும் அவ்வெற்றியின் அடித்தளமாய் இருந்தமை பேசப்படுவதில்லை.

2009இல் சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பேர்சன் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டை முற்றுப்பெறாத நிலையிலேயே தம் சொந்த இணையத்தளத்தில் விற்கத் தொடங்கியபோதும் இதுவே நிகழ்ந்தது. விளையாடியோர் தாம் கட்டியெழுப்பியவற்றைக் காணொளிகளாக்கிப் பிறருக்குக் காட்டினர். அவையே அதன் விளம்பரமாயின. பல்லாயிரவர் கூடி உருவாக்கிய அப்பெறுமதி, 2014இல் 250 கோடி டொலராகச் சில பங்குதாரரைச் சென்றடைந்தது.

2003இல் வால்வ் நிறுவனம் தொடங்கிய ஸ்டீம் என்ற இணையக் கடை, 2005 முதல் பிறரது விளையாட்டுகளையும் விற்கலாயிற்று. 2008இல் ஜொனதன் புளோ தம் சொந்தப் பணத்தில் ஆக்கிய ‘பிரெயிட்’ மைக்ரோசொஃப்டின் இணையக் கடை மூலம் வெளிவந்து, சுயாதீன விளையாட்டைக் கலையாகப் பேசும் விமர்சன மரபொன்றை வலுப்படுத்தியது. அட்டைப்பெட்டியும் வட்டும் கடைத்தட்டும் தேவையற்றுப் போயின. ஆக்குவோனுக்கும் விளையாடுவோனுக்கும் இடையில் நின்ற இடைத்தரகர் மறைந்தனர் எனப் பலர் மகிழ்ந்தனர். மறைந்தோர் பழைய தரகரே. புதிய தரகர் முன்னையோரினும் வலியவராயினர்.

இக்காலத்து ஐதிகத்தின் நாயகர் எரிக் பரோன். நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தனியே உழைத்து, ஓவியமும் இசையும் கதையும் நிகழ்நிரலும் தாமே ஆக்கி, 2016 பெப்ரவரியில் அவர் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வாலி’ 2024 முடிவுக்குள் 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. பெருங் கம்பனியில் ஊழியம் செய்து சலித்த ஒருவன் பாட்டனாரின் நிலத்துக்குத் திரும்பிக் கிராமச் சமூகத்தோடு இணைவதே அதன் கதை. கூலி உழைப்பின் வெறுமையை அது நேர்மையாகச் சித்திரிக்கின்றது; ஆயின் தனிமனிதனின் நிலவுடைமையையே அதற்குத் தீர்வாக்குகின்றது. படைப்பின் இக்கனவும் படைத்தோனைப் பற்றிய ஐதிகமும் ஒரே வார்ப்பிலானவை. அந்நான்கு ஆண்டுகளில் பரோன் திரையரங்கொன்றில் பகுதிநேர ஊழியம் செய்ததையும், அவரது வாழ்க்கைத் துணையின் வருவாய் அவரைத் தாங்கியதையும் இவ்வைதிகம் ஓர் அடிக்குறிப்பாகவே கொள்கின்றது.

2024ஆம் ஆண்டில் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் அதிகமான விளையாட்டுகள் வெளியாயின. அவற்றுட் பெரும்பாலானவை கவனிக்கப்படாமலே மறைந்தன. 100 டொலர் கட்டணத்துடன் எவரும் நுழையலாம். ஆனால் எவரது விளையாட்டு எவர் கண்ணிற் படும் என்பதைக் கடைக்காரனின் கணிப்பு முறையே தீர்மானிக்கின்றது. விற்பனையில் 30 வீதத்தைக் கடை எடுத்துக்கொள்ளும். 2018 இறுதியில் இவ்விதி மாற்றப்பட்டது. ஒரு விளையாட்டின் வருவாய் 1 கோடி டொலரைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட தொகையில் 25 வீதமும், 5 கோடியைத் தாண்டினால் 20 வீதமும் போதும் என ஆயிற்று. சிறியவன் கூடுதலாகவும் பெரியவன் குறைவாகவும் செலுத்தும் இக்குத்தகை முறையை நிலவுடைமைச் சமூகத்தைக் கற்றோர் எளிதில் இனங்காண்பர்.

உற்பத்திச் சாதனமும் முழுமையாக உற்பத்தியாளனுக்கு உரியதன்று. சிறு குழுவினர் பெரிதும் தங்கியிருந்த யூனிற்றி என்ற ஆக்க மென்பொருளின் உடைமையாளர், விளையாட்டு ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் அறவிடப்படலாம் என 2023 செப்டெம்பரில் அறிவித்தனர். உலகெங்கும் எழுந்த கூட்டு எதிர்ப்பினால் அது முதலில் தளர்த்தப்பட்டு, 2024 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. 2025 யூலையில் பணக்கொடுப்பனவு நிறுவனங்களின் நெருக்குதலினால், பாலியல் உள்ளடக்கமுடைய விளையாட்டுகள் சில ஸ்டீமிலிருந்து நீக்கப்பட்டன. சிறு ஆக்கியோரின் புகலிடமான இட்ச் தளம் அத்தகைய விளையாட்டுகளைத் தேடற் பட்டியலிலிருந்து மறைத்தது. அவ்வுள்ளடக்கம் பற்றிய கருத்து எதுவாயினும், நீதிமன்றத் தீர்ப்பு ஏதுமின்றி நிதி மூலதனம் தணிக்கையாளனாகியது என்பதே இங்கு முதன்மையானது.

முற்போக்கு வாசகர் இரு உதாரணங்களை ஒப்புநோக்குதல் நன்று. எஸ்தோனியக் கலைஞர் குழுவொன்றிலிருந்து தோன்றி 2019இல் வெளிவந்த ‘டிஸ்கோ எலிசியம்’, தோல்வியுற்ற புரட்சி ஒன்றன் நிழலில் வாழும் நகரத்தைப் பற்றியது. அதன் கருவைத் தந்த றொபேட் குர்விற்சின் நாவல் மிகச் சிலராலேயே வாசிக்கப்பட்டது; விளையாட்டோ உலகெங்கும் பரவியது. விருது மேடையில் மார்க்சுக்கும் ஏங்கல்சுக்கும் நன்றி கூறப்பட்டது. 2022இல், குர்விற்ஸ் உள்ளிட்ட முதன்மைப் படைப்பாளிகள் தம் விருப்பமின்றியே நிறுவனத்தை நீங்க நேர்ந்தமை வெளியாயிற்று. நிறுவனம் வேறு காரணங்களைக் கூறியது. பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. உள்ளடக்கத்தின் புரட்சிகரம் பங்குப் பத்திரத்தை மாற்றவில்லை.

பிரான்சின் போர்தோ நகரிலுள்ள மோஷன் றுவின், சம ஊதியமும் சம வாக்குரிமையும் கொண்ட தொழிலாளர் கூட்டுறவாக இயங்கி, 2018இல் ‘டெட் செல்ஸ்’ விளையாட்டை நிறைவுசெய்து பெருவெற்றி கண்டது. இதன் கதையில் அரசியற் பிரகடனம் ஏதுமில்லை. ஆயின் உற்பத்தி உறவில் அது நிற்குமிடம் வேறு. இக்கூட்டுறவும் அதே கடைக்குக் குத்தகை செலுத்தியே விற்கின்றது என்பதையும் மறைத்தற்கில்லை. ஓர் ஆலையிற் சாத்தியமான சமத்துவம் சந்தையின் வாசலில் நின்றுவிடுகின்றது.

கருவிகளின் மலிவு வரவேற்கத்தக்க ஒரு வரலாற்று முன்னேற்றம். அதனைக் குறைத்து மதிப்பிடும் எண்ணம் எமக்கில்லை. ஆயினும் ஒவ்வொரு கட்டத்திலும் ஆக்கும் ஆற்றல் பரவலாகியபோது, சென்றடையும் வழி சிலர் கையில் குவிந்தது. தனிமனித மேதைமையை வழிபடும் விமர்சனம் இவ்வுண்மையை மூடுகின்றது. தோற்றோரின் தோல்வியை அவர்தம் திறமைக் குறைவாகக் காட்டுகின்றது. யூனிற்றியைப் பின்வாங்கச் செய்தது கூட்டுக் குரலே. 2025 மார்ச்சில் வட அமெரிக்க விளையாட்டுத் தொழிலாளர் நேரடியாகச் சேரக்கூடிய சங்கமொன்றை அமைத்துள்ளனர். ஆக்குவோரும் விளையாடுவோரும் தமக்கிடையே உள்ள வாயிலைத் தாமே உடைமையாகக் கொள்வது எவ்வாறு என்பதே சுயாதீனம் பற்றிய அடுத்த வினா. அதற்கான விடை இனி ஆக்கப்படவிருக்கும் நிறுவனங்களிலேயே தங்கியுள்ளது.