அடைப்பத்துக்குள்ள இருந்த கத்தி

பழைய மடக்குச் சவரக்கத்தியைத் தேடி வாங்கி, துரு எடுத்து, பளபளன்னு தேய்ச்சு வெச்சுக்கறது பட்டணத்துல சிலருக்குப் பொழுதுபோக்கு. நல்ல வேலைதான். ஆனா எங்க பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்கள்ல அது பரியாரியோட சோறு.

கத்தி, கல், தோல்வார், கிண்ணம், சின்னக் கண்ணாடி எல்லாம் ஒரு பைக்குள்ள அடங்கும். அதுக்கு அடைப்பம்னு பேரு. வீடு வீடா வந்து சிரைப்பாரு. கூலி அன்னைக்கே கிடையாது, அறுப்பு முடிஞ்சதும் களத்துல நெல்லா அளப்பாங்க. கட்டி கீறினதும், வைத்தியம் பார்த்ததும் அவங்கதான். பிரசவம் பார்த்தது அந்த வீட்டுப் பொம்பளைங்க. மருத்துவர்னு பேரு வந்தது அதனாலதான். ஆனாலும் அவரைத் திண்ணையில உட்கார விடாம கொல்லைப்பக்கம் அனுப்பின ஊருங்க உண்டு. சேரிக்காரங்க தலையில கத்தி படக்கூடாதுன்னு அவருக்கே கட்டுப்பாடு போட்டதும் உண்டு. இதை மறைச்சுட்டு அந்தக் காலம் பொற்காலம்னு பேசறது எனக்குப் பிடிக்காது.

சவரக்கத்திக்குப் பேர்போன ஊருங்க ஜெர்மனியில சோலிங்கன், இங்கிலாந்துல ஷெஃபீல்டு, பிரான்சுல தியேர். வெளிநாட்டுச் சரக்குல எந்த நாட்டுதுன்னு போடணும்னு இங்கிலாந்து 1887-ல சட்டம் கொண்டு வந்துச்சு. சோலிங்கன்ங்கற பேரை வேற ஊர்க்காரங்க போடக்கூடாதுன்னு ஜெர்மனி 1938-ல சட்டம் போட்டுச்சு. அதனால கத்தியோட வால்ல இருக்கற எழுத்து அதோட வயசைச் சொல்ற சாட்சி. உப்புத்தாள் போட்டு மொத்தமா தேய்ச்சா முதல்ல போறது அந்த எழுத்துதான்.

தீட்டறதுல சூட்சுமம் கத்தியோட முதுகுல இருக்கு. முதுகும் வாயும் ஒருசேர கல்லுல படிஞ்சா சாய்வு தானா சரியா அமையும். கல்லுல வாய் முன்னால போகணும். தோல்வார்ல முதுகு முன்னால போகணும், மாத்திப் போட்டா வார் அறுந்துடும். மோட்டார் சக்கரத்துல கொடுத்தா மின்னும், ஆனா சூடேறி எஃகு நீலம் பாய்ஞ்சா பதம் போச்சு. அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிக்காது. கையால தேய்க்கச் சொல்றது பழமைப் பிடிவாதம் இல்ல.

ஜில்லெட் கம்பெனி 1903-லயே கழட்டி மாட்டற பிளேடை விக்க ஆரம்பிச்சிடுச்சு. ஆனாலும் நம்ம பக்கம் கத்தி ரொம்ப நாள் தாக்குப்பிடிச்சுது. 1986-ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் நாட்டிலேயே முதல் தடவையா எச்.ஐ.வி. இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் ஒரே கத்தியை ஆள் மாத்தி ஆளுக்குப் போடறதுக்குப் பயம் வந்துச்சு. பயந்தது நியாயம்தான். கடைகள்ல பாதி பிளேடு மாட்டற கத்தி வந்துச்சு, ஆளுக்கு ஒரு பிளேடு. பழசு பரணுக்குப் போச்சு. அதோட தீட்டற கையும் போச்சு, பையனுக்குச் சொல்லித்தர அப்பனுக்கும் அவசியம் இல்லாம போச்சு.

பரண் கத்தி கையில கிடைச்சா முதல்ல அகலத்தைப் பாருங்க. வருஷக்கணக்கா கல்லுல பட்ட கத்தி குறுகிப் போயிருக்கும், ஒரு பக்கம் கூடுதலாவும் தேஞ்சிருக்கும். தேய்ச்ச கையோட பழக்கம் அது. அந்த மாதிரி கத்தியைத் திருத்தி நேராக்காதீங்க. மேல் துருவை மட்டும் மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு, தேங்காயெண்ணெய் தடவி வெச்சிடுங்க.