மந்தையின் பின்னே நடந்த வாழ்வு

1989 செப்டெம்பரில், அமெரிக்காவின் மொண்டானா மாநில நூற்றாண்டு நினைவாக, ரவுண்டப்பிலிருந்து பில்லிங்ஸ் நகர்வரை 2,000க்கு மேற்பட்ட மாடுகளைப் பழைய முறையிற் குதிரைமீதமர்ந்து ஓட்டிச் சென்றனர். ஆறு நாட்கள் புழுதி, வெயில், வெட்டவெளி உறக்கம். வந்தவர்கள் விரும்பி ஏற்ற துன்பம் அது. பழைய மாட்டிடையனுக்கோ அதுவே பிழைப்பு. 1870களில் டெக்ஸாஸிலிருந்து கன்ஸாஸ் புகையிரத நிலையங்களுக்கு மாதக்கணக்கில் மந்தையோட்டிய அவன், பகலெல்லாம் சேணத்திலிருந்து, இரவிலும் முறைவைத்துக் காவல் காத்தான். கூலி மாதம் 30, 40 டொலர். கறுப்பரும் மெக்ஸிக்கரும் அவர்களிற் கணிசமானோர். திரைப்படங்கள் இவர்களைப் பெரும்பாலும் மறைத்தே வந்தன. 1883இல் டெக்ஸாஸின் வடபகுதி இடையர்கள் 50 டொலர் கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தனர். வேலை தேடி அலைந்தோரோ அங்கு ஏராளம். பண்ணையதிபர்கள் அவர்களை அமர்த்திக்கொண்டனர். சில மாதங்களில் வேலைநிறுத்தம் முறிந்தது.