ஆமைக்கு விலை வைத்தபோது...

பூகோள வாத்தியார் என்றாலே சுவரில் மேப்பை மாட்டி, குச்சியால் தலைநகரங்களைக் காட்டுபவர் என்றுதான் பலருக்கும் நினைப்பு. பெர்னார்ட் நீட்ஷ்மன் (1941–2000) வேறு மாதிரி. அமெரிக்காவின் மிச்சிகன், பெர்க்லி பல்கலைக்கழகங்களில் பூகோளம் கற்பித்தவர். 1960களின் இறுதியில் இவர் நிகரகுவாவின் கரீபியன் கடற்கரையில் உள்ள தஸ்பாபௌனி கிராமத்தில் தங்கினார். அங்கு வாழும் மிஸ்கிட்டோ பழங்குடியினர் எதைப் பிடிக்கிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள், யாருக்குப் பங்கு தருகிறார்கள் என்று கணக்கெடுத்தார்.

அவர்களுடைய முக்கியமான இறைச்சி பச்சைக் கடலாமை. பிடித்து வந்த ஆமையின் கறியைச் சொந்தக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது வழக்கம். கடலுக்குப் போக முடியாத வயதானவர்களுக்கும் பங்கு உண்டு. ஊருக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டால் மேலும் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. "ஆமையைக் காப்பாற்றுவோம்" என்று யாரும் போர்டு வைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பழக்கமே வேட்டைக்கு ஒரு அளவு வைத்திருந்தது!

அப்போதுதான் ஆமைகளை வாங்கி ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள் வந்தன. சாமான்களைக் கடனாகக் கொடுத்து, கடனை ஆமையாகத் திருப்பி வாங்கின. கடனை அடைக்க வருடம் முழுக்க வேட்டை. பிடித்ததெல்லாம் கம்பெனிக்குப் போக, வீட்டில் இருந்த உறவினருக்குப் பங்கு கிடைக்கவில்லை. ஆமைகள் குறையக் குறைய, கடலில் இருக்க வேண்டிய நாட்கள் கூடின. கணக்குப் புத்தகத்தில் வருமானம் ஏறியது, அடுப்பில் கறி இல்லை. 1973ல் வெளியான 'பிட்வீன் லேண்ட் அண்ட் வாட்டர்' என்ற நூலில் மிஸ்கிட்டோ மக்களின் இந்த வாழ்க்கைமுறையை அவர் விரிவாகப் பதிவு செய்தார்.

1977ல் நிகரகுவா, வனஉயிர் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஏற்றுமதிக்கு வழி அடைபட்டாலும் உள்ளூர் விற்பனைக்கான வேட்டை தொடர்ந்தது. ஒருமுறை விலை வைத்துவிட்டால், பழைய பங்கீட்டை மீட்பது அவ்வளவு சுலபமில்லை.

பின்னாளில் நீட்ஷ்மன் பழங்குடியினரின் நில உரிமைக்காகவும் உழைத்தார். 1990களில் பெலீஸ் நாட்டின் தெற்கே மாயா மக்களின் காடுகளில் மரம் வெட்ட கம்பெனிகளுக்கு அரசு அனுமதி கொடுத்தது. அந்த மக்கள் தங்கள் கிராமங்களைத் தாங்களே வரைபடமாக்க, பெர்க்லி குழு உதவியது. 1997ல் 'மாயா அட்லஸ்' வெளிவந்தது. நீண்ட சட்டப் போராட்டத்தின் முடிவில், 2015ல் கரீபியன் நீதிமன்றம் மாயா மக்களின் பாரம்பரிய நில உரிமையை உறுதி செய்தது.

பழங்குடியினர் இயற்கையைக் காப்பவர்கள் என்று புகழ்வது எளிது. ஆனால் எவ்வளவு பிடிப்பது, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களிடம் இருந்தால்தானே அவர்களால் எதையும் காப்பாற்ற முடியும்?