கதை சொல்வோர் கடைவீதியில் பிறந்த இருவர்

பெஷாவர் நகரின் நடுவே கிஸ்ஸா க்வானி என்றொரு கடைவீதி உண்டு. கதை சொல்வோர் கடைவீதி என்பது அப்பெயரின் பொருள். தொலைதூர நாடுகளிலிருந்து சரக்கேற்றி வந்த வணிகர்கள் அங்கே இளைப்பாறி, தேநீர் அருந்தியவாறு தாங்கள் கண்டதையும் கேட்டதையும் கதைகளாகப் பரிமாறிக்கொள்வார்கள். அந்த வீதியை ஒட்டிய சந்துகளில் இரண்டாண்டு இடைவெளியில் இரு குழந்தைகள் பிறந்தன. 1922 டிசம்பர் 11ஆம் நாள் பிறந்தவர், பழ வணிகர் குலாம் சர்வர் கானின் மைந்தர் யூசுப் கான். 1924 டிசம்பர் 14ஆம் நாள் பிறந்தவர், பின்னாளில் பெரும் நடிகராய்த் திகழ்ந்த பிருதிவிராஜின் மைந்தர் ராஜ் கபூர். யூசுப் கானை உலகம் திலீப் குமார் என்றே அறியும்.

இவ்விருவரில் உயர்ந்தவர் யார் என்ற வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. ஒரே மண்ணில் முளைத்து, ஒரே தொழிலை மேற்கொண்ட இருவர், அத்தொழிலுக்கு எத்தகைய விலை கொடுத்தார்கள் என்பதே நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

ராஜ் கபூரின் பாட்டனார் பஷேஷ்வர்நாத்தும் குலாம் சர்வர் கானும் உற்ற நண்பர்கள். நண்பரின் மகன் நடிக்கப் போய்விட்டதைச் சர்வர் கான் கேலி செய்வது வழக்கமாம். இரு குடும்பங்களும் பம்பாயில் குடியேறிய பின்பும் நட்புத் தொடர்ந்தது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்! தேவிகா ராணி அம்மையார் 1,250 ரூபாய்ச் சம்பளத்தில் யூசுப்பைப் பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். அது ஆண்டுச் சம்பளமாகத்தான் இருக்கும் என்று வீட்டார் எண்ணினர். ராஜ் கபூருக்கு அப்போது மாதம் 170 ரூபாய்தானே என்று அவர்கள் கணக்கிட்டதைத் திலீப் குமார் தம் தன்வரலாற்றில் சுவைபட எழுதுகிறார். ஆனால் அது மாதச் சம்பளமே. தகப்பனாரின் சினத்துக்கு அஞ்சியிருந்த இளைஞருக்கு, நிறுவனம் சூட்டிய புதுப்பெயர் நல்லதொரு திரையாயிற்று. 'ஜ்வார் பாட்டா' (1944) அவருடைய முதற்படம். பின்னொரு நாள் பஷேஷ்வர்நாத்தே தம் நண்பரை அழைத்துச் சென்று, மகனின் உருவம் தீட்டிய விளம்பரப் பலகையைக் காட்டினாராம். கேலி செய்தவர் வாயடைத்து நின்றார்.

1949இல் மெஹபூப் கானின் 'அந்தாஸ்' இருவரையும் நர்கிஸோடு ஒரே திரையில் நிறுத்தியது. காதலை உள்ளுக்குள் விழுங்கி நலியும் மனிதராகத் திலீப். சிரிப்பும் குறும்பும் ஐயமும் கலந்த கணவராக ராஜ். படம் பெருவெற்றி பெற்றது. எனினும் அதற்குப் பின் அவர்கள் இணைந்து நடிக்கவேயில்லை. பாதைகள் அங்கே பிரிந்தன.

ராஜ் கபூர் கூட்டத்தை வைத்துக் கலை செய்தவர். 24 வயது நிறையுமுன்னரே 'ஆக்' (1948) படத்தைச் சொந்தமாகத் தயாரித்து இயக்கினார். க்வாஜா அஹ்மத் அப்பாஸின் எழுத்து, ஷைலேந்திரா, ஹஸ்ரத் ஜெய்ப்பூரி ஆகியோரின் பாட்டு, சங்கர் ஜெய்கிஷனின் இசை, முகேஷின் குரல் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ்த் திரட்டினார். 'ஆவாரா' (1951), 'ஸ்ரீ 420' (1955) ஆகிய படங்களில் அவர் படைத்த ஏழை நாடோடி, எல்லை கடந்து நடந்தான். சோவியத் நாட்டில் 'ஆவாரா'வுக்கு 6 கோடிக்கு மேற்பட்ட நுழைவுச் சீட்டுகள் விற்றன. ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைத்து, உடைமையை அடகு வைத்து எடுத்த 'மேரா நாம் ஜோக்கர்' (1970) அவரைக் கடனில் ஆழ்த்தியது. 'பாபி' (1973) கரையேற்றியது. அவர் தம் கலைக்குக் கொடுத்த விலை, வீடும் பொருளும்.

திலீப் குமாரோ தம்மையே பட்டறையாக்கிக்கொண்டவர். அரை நூற்றாண்டில் நடித்தவை 60 படங்களை ஒட்டியவையே. 'தீதார்' (1951), 'தேவதாஸ்' (1955) எனத் துயர வேடங்களிலேயே தோய்ந்ததால், அத்துயரம் ஒப்பனையோடு கலைந்து போகாமல் மனத்திலும் தங்கிவிட்டது. மனநல மருத்துவர்கள் இலகுவான வேடங்களை ஏற்கும்படி அறிவுறுத்தினர். அந்த மருந்தை வழங்கியது நம் கோயம்புத்தூர்! பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு, தம் 'மலைக்கள்ளன்' கதையை 'ஆசாத்' (1955) என்று இந்தியில் எடுத்தபோது, வாள் வீசிச் சிரிக்கும் நாயகரானார் திலீப். பிலிம்பேரின் சிறந்த நடிகர் பரிசு அவருக்கு எட்டு முறை கிடைத்தது. அவற்றுள் 'ஆசாத்'துக்குக் கிடைத்தது ஒன்று. சென்னையில் நாகி ரெட்டியார் தயாரித்த 'ராம் அவுர் ஷ்யாம்' (1967) படத்துக்குக் கிடைத்தது மற்றொன்று. 'கோஹினூர்' (1960) படத்தில் ஒரு பாடற்காட்சிக்காக, உஸ்தாத் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானிடம் பல மாதங்கள் சிதார் பயின்றார். கைவிரலும் பொய் சொல்லக் கூடாது என்பது அவருடைய நெறி. அவர் கொடுத்த விலை, மனமும் உடலும்.

ஒருவர் பொருளைப் பணயம் வைத்தார். மற்றவர் தம்மையே பணயம் வைத்தார். எது பெரிது என்று எந்தத் தராசு நிறுத்துச் சொல்லும்? போட்டியாளர்கள் என்று ஊர் பேசிற்று. அவர்களோ இறுதிவரை ஒருவரையொருவர் ஊர்க்காரராகவே கருதினர். 1947இல் நாடு பிரிந்தபோது, பிறந்த வீதி எல்லைக்கு அப்பால் போய்விட்டது. இருவரும் பம்பாயிலேயே நின்றனர். இழந்த ஊரைப் பற்றிப் பேசிக்கொள்ள ஒருவருக்கு மற்றவரே இருந்தார்.

1988 மே 2ஆம் நாள், தாதா சாஹிப் பால்கே விருது பெறச் சென்ற ராஜ் கபூர் டெல்லி விழா மண்டபத்தில் மூச்சுத் திணறிச் சாய்ந்தார். அவர் நினைவிழந்து கிடந்த மருத்துவமனைக்குத் திலீப் குமார் வந்தார். அருகிருந்த மகன் ரிஷி கபூர் பின்னாளில் நினைவுகூர்ந்த காட்சி நெஞ்சைப் பிழிவது. அந்த ஆண்டுதான் திலீப் பெஷாவர் சென்று திரும்பியிருந்தார். நண்பரின் கையைப் பற்றிக்கொண்டு, நம்மூர் கபாப் மணத்தை உனக்காகக் கொண்டு வந்திருக்கிறேன், எழுந்திரு, முன்போல் அந்தக் கடைவீதியில் சேர்ந்து நடப்போம் என்று அழைத்தாராம். ஜூன் 2ஆம் நாள் ராஜ் கபூர் மறைந்தார். திலீப் குமார் 2021 ஜூலை 7ஆம் நாள், 98ஆம் வயதில் மறைந்தார்.

ராஜ் கபூர் எழுப்பிய ஸ்டுடியோவில் 2017இல் தீப்பிடித்தது. 2019இல் அது கைமாறிற்று. பெஷாவரில் அவர்கள் பிறந்த வீடுகள் சிதைந்து நிற்கின்றன. திலீப்பின் வீட்டைப் பாகிஸ்தான் அரசு 2014இல் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லும் சுண்ணாம்பும் அவ்வளவுதான். அந்தக் கடைவீதி ஈன்ற கதைசொல்லிகள் இருவரும், கதைக்காகத் தம்மிடம் இருந்ததைக் கணக்குப் பாராமல் கொடுத்தவர்கள். ஆகவேதான் வீடு சிதைந்த பின்னும் கதை நிற்கிறது.