எழுந்தவரும் எழாதவரும் – உரோமை, 1960

கப்பர்நாகூம் ஊரில் கூரை பிரிக்கப்பட்ட அந்த வீட்டை நாம் அனைவரும் அறிவோம். முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகின்றனர். கூட்டம் வழிவிடவில்லை. அவர்கள் திரும்பிப் போகவுமில்லை. கூரையைப் பிரித்து, படுத்திருந்தவரைப் படுக்கையோடு ஆண்டவரின் திருமுன் இறக்குகின்றனர். நோயுற்றவர் எழுந்து, தம் படுக்கையைத் தாமே எடுத்துக்கொண்டு நடந்து சென்றார் என்று மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது.

இந்நிகழ்ச்சியை ஆலயத்தில் கேட்கும்போதெல்லாம் நம் மனம் அந்த எழுச்சியிலேயே நின்றுவிடுகிறது. அதில் தவறில்லை. ஆயினும் நம் பங்குகளில், நம் தெருக்களில், ஏன், நம் இல்லங்களிலேயே எழாதவர்கள் இருக்கின்றனர். மன்றாடினார்கள், நவநாள் செய்தார்கள், திருத்தலங்களுக்குச் சென்று வந்தார்கள். கால்கள் அசையவில்லை. "விசுவாசம் போதவில்லை போலும்" என்று யாரோ ஒருவர் அவர்கள் காதுபடச் சொல்லிவிடுகிறார். நோயைக் காட்டிலும் அச்சொல் அவர்களை ஆழமாகக் காயப்படுத்துகிறது. எழுந்தவருக்கு மட்டுந்தான் வெற்றியா? எழாதவர் தோற்றவரா? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடைகளுள் ஒன்று, 1960ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் உரோமை நகரில் எழுதப்பட்டது.

நடக்கமாட்டாள் எனப்பட்டவள்

அவ்வாண்டு ஒலிம்பிக் விளையாட்டு விழா உரோமையில் நடைபெற்றது. உலகமே வியந்து நோக்கிய வீராங்கனை, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலிருந்து வந்த வில்மா ருடால்ஃப் என்னும் 20 வயதுக் கறுப்பினப் பெண். 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் அவர் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டப் போட்டிகளில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே.

அக்கால்களின் கதையை அறிந்தோர்க்கு அந்த ஓட்டம் வேறொரு பொருள் தந்தது. 1940ஆம் ஆண்டு, ஜூன் 23ஆம் நாள், குறைமாதக் குழந்தையாக, இரண்டு கிலோ எடையோடு பிறந்தவர் வில்மா. அவருடைய தந்தைக்கு இரு திருமணங்களில் பிறந்த 22 பிள்ளைகளுள் இவர் 20ஆவது பிள்ளை. தந்தை இரயில்வேயில் சுமை தூக்குபவர். தாய் பிளாஞ்ச் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். ஏறத்தாழ ஐந்து வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. இடக்கால் வலுவிழந்தது. இவள் இனி நடப்பது அரிது என்றனர் மருத்துவர்.

தாய் அதனை ஏற்கவில்லை. ஆழ்ந்த இறைப்பற்றுடைய பாப்டிஸ்ட் குடும்பம் அது. ஆனால் அந்தத் தாய் செபத்தோடு நின்றுவிடவில்லை. கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனை, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், நாஷ்வில் நகரில் இருந்தது. பேருந்தில் கறுப்பினத்தவர் பின் இருக்கைகளில்தான் அமர வேண்டும் என்றிருந்த காலம். அந்த இருக்கையில் மகளை அமர்த்திக்கொண்டு, வாரந்தோறும், இரண்டு ஆண்டுகள் அவர் சென்று வந்தார். மருத்துவமனையில் கற்றுக்கொண்டபடி, வீட்டில் நாள்தோறும் நான்கு முறை அந்தக் காலைப் பிடித்து நீவிவிட்டனர். தாய் ஓய்ந்தால் தமக்கை; தமக்கை ஓய்ந்தால் தமையன். கப்பர்நாகூமில் சுமந்தவர் நால்வர். இங்கே ஒரு குடும்பமே சுமந்தது.

ஆண்டுகள் உருண்டன. காலில் பூட்டியிருந்த இரும்புத் தாங்கு பட்டை 12 வயதுக்குள் கழன்றது. பள்ளியில் கூடைப்பந்து ஆடினார். எட் டெம்பிள் என்னும் பயிற்சியாளர் அவருடைய ஓட்டத்தைக் கண்டு பயிற்றுவித்தார். 16 வயதில், 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில், தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். அடுத்த ஒலிம்பிக், உரோமை.

வெற்றியோடு ஊர் திரும்பியபோது அவர் செய்ததையும் இங்கே குறிப்பிடவேண்டும். கிளார்க்ஸ்வில் நகரம் அவருக்கு வரவேற்பு அளிக்க விரும்பியது. வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே நின்று வரவேற்பதாயின் தாம் வருவதற்கில்லை என்றார் வில்மா. 1960 அக்டோபரில் நடந்த அந்த ஊர்வலமும் விருந்துமே அந்நகரில் இரு நிறத்தாரும் வேறுபாடின்றிக் கலந்துகொண்ட முதல் பொது விழா. எழுந்து நடந்தவர், பிறரையும் எழுந்து நடக்கச் செய்தார்.

கிடந்தவர்களைக் கைவிடாத மருத்துவர்

செப்டம்பர் 11ஆம் நாள் ஒலிம்பிக் விழா நிறைவுற்றது. கொடிகள் இறக்கப்பட்டன. செய்தியாளர் பலர் புறப்பட்டுச் சென்றனர். ஏழே நாள்களில், செப்டம்பர் 18ஆம் நாள், அதே நகரில் வேறொரு விழா தொடங்கியது. 23 நாடுகளிலிருந்து 400 பேர் சக்கர நாற்காலிகளில் வந்திருந்தனர். அனைவரும் முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள். வில்மாவைப் போல் ஒருநாள் எழுந்து ஓடுவோம் என்ற எதிர்பார்ப்பு அவர்களுக்கு இல்லை. வில் வளைக்கவும், ஈட்டி எறியவும், நீந்தவும், கூடைப்பந்து ஆடவும் வந்திருந்தார்கள். பின்னாளில் முதல் பாராலிம்பிக் என்று பெயர் பெற்றது இவ்விழாவே.

இதற்குப் பின்னே நின்றவர் லூட்விக் குட்மன் என்னும் யூத மருத்துவர். 1899இல் ஜெர்மனியின் சிலேசியாப் பகுதியில் பிறந்தவர். 1917ஆம் ஆண்டு, 18 வயது இளைஞராக மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றியபோது, முதுகெலும்பு முறிந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தனர். கட்டுடல் வாய்ந்த மனிதர். அவரைப் பற்றி அதிகம் எழுதவேண்டா, சில வாரங்களில் இறந்துவிடுவார் என்று மூத்தவர்கள் கூறினர். அவ்வாறே ஐந்து வாரங்களில் அவர் இறந்தார். அந்த முகத்தைக் குட்மன் மறக்கவேயில்லை.

தண்டுவடம் முறிந்தவர்களை முறிவு நேராகக் கொல்வதில்லை. உணர்ச்சியற்ற உடல் ஒரே நிலையில் கிடப்பதால் படுக்கைப் புண் தோன்றும், புண் சீழ்ப்பிடிக்கும், சிறுநீர்ப்பாதையில் நோய்த்தொற்று சேரும். குருதியில் நஞ்சேறி உயிர் பிரியும். அக்கால மருத்துவம் அவர்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு, வலிக்கு மருந்து கொடுத்து, ஒதுக்குப்புறமான அறையில் சாவுக்காகக் காத்திருக்கச் செய்தது. அது பரிவு என்றே எண்ணப்பட்டது.

நாட்சி ஆட்சி குட்மனின் பணியைப் பறித்தது. பிரெஸ்லாவ் நகர யூத மருத்துவமனையில் அவர் பணிபுரிந்தார். 1938 நவம்பரில் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்ட இரவில், வந்தவர் எவராயினும் வினவாது சேர்த்துக்கொள்ளுமாறு பணித்தார். மறுநாள் வந்த காவலரிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைக் காரணம் காட்டி வாதாடினார். 64 பேரில் 60 பேர் சிறைக்குச் செல்லாது தப்பினர். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு அவர் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

1944 பிப்ரவரி முதல் நாள், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயமுற்றோர்க்கான பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கியது. போரில் முடங்கிய இளைஞர்கள் வரத் தொடங்கினர். குட்மன் மாவுக்கட்டுகளை அகற்றினார். இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று விதித்தார். நள்ளிரவில் தாமே வந்து அது நடக்கிறதா என்று பார்த்தார். அக்கூடத்தில் நடந்த அற்புதம் இதுவே: இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிய கைகள். சாகவேண்டியவர்கள் சாகவில்லை.

உயிர் பிழைத்தவர்கள் வாழவும் வேண்டுமே! தச்சு, கடிகாரம் பழுது பார்த்தல், தட்டச்சு எனத் தொழில்கள் கற்பிக்கப்பட்டன. அடுத்து விளையாட்டு வந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து, கோலால் வட்டை அடித்தாடியதே முதல் ஆட்டம். பிறகு வில்வித்தை. வில்லை இழுக்கும்போது தோளும் மார்பும் வலுப்பெறுகின்றன. நிமிர்ந்து அமரும் ஆற்றல் வளர்கிறது. கால் வழங்காதவரும் கால் உள்ளவரும் சரிநிகராக நின்று போட்டியிடக்கூடிய கலையும் அது. 1948 ஜூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அம்மருத்துவமனையின் புல்வெளியில் 14 ஆண்களும் இரு பெண்களுமாக 16 பேர் அம்பெய்தனர். பன்னிரண்டே ஆண்டுகளில் அந்தப் 16 பேர் 400 பேராயினர்.

படிகளில் சுமந்தவர்கள்

உரோமையில் இவர்களுக்கு ஒரு சோதனை காத்திருந்தது. விளையாட்டு வீரர்களுக்கான குடியிருப்பில், தூண்கள்மீது உயர்த்திக் கட்டப்பட்ட வீடுகளே இவர்களுக்குக் கிடைத்தன. ஏறவும் இறங்கவும் படிகள். சக்கர நாற்காலி படி ஏறுமா? இத்தாலியப் படைவீரர்கள் முன்வந்தனர். வீரர்களை நாற்காலியோடு தூக்கி ஏற்றினர், தூக்கி இறக்கினர். போர்க்களத்தில் காயமுற்றோரும் அங்கே சுமக்கப்பட்டனர். படை உடை அணிந்தோர் அவர்களைச் சுமந்தனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எதிரெதிரே போரிட்ட நாடுகள் அவை என்பதை நினைவிற்கொண்டால், அந்தப் படிகளில் நடந்ததும் ஒரு நற்செய்தியே.

அங்கு வில்வித்தையில் தங்கம் வென்றவர்களுள் மார்கரெட் மான் ஒருவர். ஆசிரியையாக ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது, 1959இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். விபத்து நேர்ந்த மறு ஆண்டே உரோமையில் வில்லேந்தினார். பிரித்தானியாவுக்குப் பாராலிம்பிக்கின் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். 52 ஆண்டுகளுக்குப் பின், 2012இல் இலண்டனில் நடந்த பாராலிம்பிக் தொடக்க விழாவில் பெருந்தீபத்தை ஏற்றியவரும் அவரே. அப்போதும் அவர் சக்கர நாற்காலியில்தான் இருந்தார்.

உரோமைப் போட்டிகளின் நிறைவில், புனிதரான திருத்தந்தை 23ஆம் யோவான் அவர்கள் அனைவரையும் வத்திக்கானுக்கு அழைத்து ஆசி வழங்கினார். நவீன ஒலிம்பிக் விழாவை நிறுவிய தெ குபெர்த்தேனோடு ஒப்பிட்டு, முடங்கியோர்க்கு நீரே குபெர்த்தேன் என்ற பொருள்பட, யூதரான குட்மனைத் திருத்தந்தை பாராட்டினார். எழுந்து நடங்கள் என்று எவரும் அங்கே கூறவில்லை. நாற்காலியில் வந்தவர்கள் நாற்காலியிலேயே திரும்பினர். எனினும் தோல்வியுற்றோராக அவர்கள் திரும்பவில்லை.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து கால்கள் முடங்கிய படைவீரர் முரளிகாந்த் பேட்கர், மராட்டிய மண்ணின் மைந்தர். குத்துச்சண்டை வீரராக இருந்தவர், முடங்கிய பின் நீச்சலுக்கு மாறினார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது 2018இல்தான். நாம் நம்மவரைக் காணவே 46 ஆண்டுகள் ஆயின.

கூரையைப் பிரிப்பவர் யார்?

இனி, கப்பர்நாகூமுக்குத் திரும்புவோம். அந்நிகழ்ச்சியை மெல்லப் படித்தால், நாம் தாண்டிச் சென்றுவிடும் ஓர் இடம் உண்டு. ஆண்டவர் முதலில் அம்மனிதரை மகன் என்று அழைக்கிறார். அவருடைய பாவங்களை மன்னிக்கிறார். எழுந்து நட என்ற கட்டளை அதன் பின்னரே வருகிறது. இரண்டுக்கும் இடையே மறைநூல் அறிஞரின் முணுமுணுப்பு, ஆண்டவரின் மறுமொழி. அந்த நேரம் முழுவதும் அம்மனிதர் எங்கே இருந்தார்? படுக்கையில்தான் கிடந்தார். கால் ஒன்றும் அசையவில்லை. ஆயினும் அவர் அப்போதே மகன்; அப்போதே நலம் பெற்றவர். எழாதவர்கள் வாழ்வது அந்த இடைவெளியில்தான். அது இறைவனின் சொல் ஏற்கெனவே நிறைந்துள்ள இடம். விசுவாசக் குறைவின் இடமென்று அதனைக் கூற நமக்கு உரிமையில்லை.

ஆண்டவர் பாராட்டிய நம்பிக்கையோ, நற்செய்தியின் சொற்படி, சுமந்து வந்தவர்களுடையது. பேருந்தின் பின் இருக்கையில் அமர்ந்து சென்ற தாயிடம் அது இருந்தது. இரண்டு மணிக்கு ஒருமுறை உடலைப் புரட்டிய செவிலியரிடமும், உரோமையின் படிகளில் நாற்காலியைத் தூக்கிய படைவீரரிடமும் அது இருந்தது. அவ்வாறாயின், முடங்கியவரைப் பார்த்து விசுவாசம் போதவில்லை என்று கூறும்போது, போதாமல்போனது யாருடைய விசுவாசம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் ஆலயங்களின் வாயிலில் எத்தனை படிகள் உள்ளன? சக்கர நாற்காலியில் வருபவர் ஏறச் சாய்தளம் உண்டா? நற்கருணை பெறவும், ஒப்புரவு அருளடையாளத்தை நாடவும், பங்குப் பேரவையில் அமரவும் அவர்க்கு வழியுண்டா? பொதுக் கட்டடங்களில் இத்தகைய வசதி வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே கூறிவிட்டது. சட்டம் வற்புறுத்துவதற்கு முன்பே அன்பு செய்திருக்க வேண்டிய செயல் அது. புதிய கோபுரத்துக்குச் செங்கல் அடுக்கும் நம் கைகள் ஒரு சாய்தளத்துக்குச் சிறிது மணலும் சிமெண்டும் குழைத்தால், நம் ஊரிலும் ஒரு கூரை பிரிக்கப்படும்.

உடலை எழுப்புவது இறைவனின் விருப்பம், அதற்காக மன்றாடுவோம். சுமப்பது நம் கடமை. அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.